கைப்பக்குவம் தெரிந்தால் போதும்: பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க 20 குறிப்புகள்

பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்து குடியேறிய குடும்பங்களில் முதல் பிள்ளை பிறந்ததும் எழும் கேள்வி, "குழந்தைக்குத் தண்ணி ஊத்த யாரு இருக்காங்க?" என்பதுதான். ஊரிலிருந்து வரும் அம்மாவோ மாமியாரோ ஒரு மாதம் கூட இருப்பார்கள். அதற்குள் அங்கே ஆடு மாடு காத்திருக்கும், காடு கழனி காத்திருக்கும், கிளம்பிவிடுவார்கள். லைன் வீட்டில் தனித்து நிற்கும் இளந்தாய், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வதைக் கேட்பதா, செல்போன் வீடியோவில் வருவதைச் செய்வதா என்று குழம்பிப்போகிறாள்.

எண்ணெய் தேய்ப்பது நம்மிடம் உள்ள அருமையான பழக்கம். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சில முரட்டு வைத்தியங்கள்தான் ஆபத்தானவை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பார்ப்போம்.

1. தேய்த்தால் குழந்தை வளருமா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மியாமியில் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1986-ல் வெளிவந்தது. தினமும் 3 முறை, முறைக்கு 15 நிமிடம் என 10 நாள் உடலை நீவி, கை கால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். அப்படிச் செய்த குழந்தைகளுக்கு, செய்யாத குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. அவர்கள் 6 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். இதமாக அழுத்தி நீவும்போது வயிற்றோடு தொடர்புடைய வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, செரிமானம் சீராகிறது என்பது அந்தக் குழுவின் விளக்கம்.

2. நம் நாட்டு ஆய்வுகள் சொல்வது

நிறைமாதக் குழந்தைகள் 125 பேரை வைத்து டெல்லி மருத்துவர்கள் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. 6 வார வயதிலிருந்து 4 வாரம் எண்ணெய் தேய்த்த குழந்தைகளிடம் வளர்ச்சி கூடியிருந்தது. தேய்த்தபின் நன்றாகத் தூங்கினார்கள். ஒப்பிட்ட எண்ணெய்களில் நல்லெண்ணெய்க்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. மும்பை சயான் மருத்துவமனையின் ஆய்வு 2005-ல் வந்தது. தேங்காயெண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகளுக்கு, மினரல் ஆயில் தேய்த்தவர்களைவிட வேகமாக எடை கூடியதை அது காட்டியது.

3. எடை ஏற்றுவது தாய்ப்பால்

ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைக்கு மசாஜால் வளர்ச்சி கூடும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் வலுவான சான்று வேண்டும் என்றுதான், 2013-ல் 34 ஆய்வுகளை அலசிய காக்ரேன் குழு முடிவு சொன்னது. ஆகவே, "நல்லாத் தேய்ச்சா குண்டாயிரும்" என்ற பேச்சை நம்பிப் பால் கொடுப்பதில் அசட்டையாக இருக்காதீர்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். பிறந்த சில நாளில் எடை சற்றுக் குறைந்து, 2 வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். அதன்பின் முதல் 3 மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. எண்ணெய் தேய்ப்பதில் நிச்சயமாகக் கிடைப்பவை குழந்தைக்கு இதம், நல்ல தூக்கம், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம். அவையும் சிறிய லாபமில்லை.

4. எப்போது தொடங்கலாம்?

பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் மாவுப் படலம் இயற்கை கொடுத்த பாதுகாப்பு. அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். தொப்புள்கொடி விழுந்து, புண் காய்ந்தபின் எண்ணெய்க் குளியலைத் தொடங்கலாம். இதற்கு 1 முதல் 2 வாரம் ஆகும். அதுவரை எண்ணெயில்லாமல் முதுகையும் கை கால்களையும் மென்மையாகத் தடவிக் கொடுங்கள். கொடியின்மேல் எண்ணெய், மஞ்சள், பவுடர், சாம்பல் எதுவும் வேண்டாம்.

5. குறைமாதக் குழந்தையா? முதலில் நெஞ்சோடு அணையுங்கள்

37 வாரத்துக்குமுன் பிறந்த குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் முதல் மருந்து தாயின் நெஞ்சுச் சூடு. 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் தொடங்கிய இந்தக் கங்காரு பராமரிப்பு, இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கற்றுத்தரப்படுகிறது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கெடுத்த ஐந்து நாட்டு ஆய்வு 2021-ல் வந்தது. பிறந்த உடனேயே இப்படி அணைக்கத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்றது அது. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் அணைக்க வேண்டும். அம்மா களைத்தால் அப்பாவோ பாட்டியோ அணைக்கலாம். எண்ணெய் தேய்ப்பதை மருத்துவர் சரியென்ற பிறகே தொடங்குங்கள்.

6. எந்த எண்ணெய்?

திருப்பூர்க்காரர்களுக்குத் தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும்தான். கலப்படமில்லாத தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். வாசனை சேர்த்த, நிறம் சேர்த்த எண்ணெய் வேண்டாம். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பச்சைத் தோலின் மேல்படலத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பீகார், ஒடிசாவிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் குடும்பங்களில் கடுகெண்ணெய்தான் வழக்கம். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு தாய் இருந்தால் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

7. முதலில் ஒரு சொட்டு

எந்த எண்ணெயானாலும் முதல் நாள் குழந்தையின் தொடையில் ஒரு சொட்டுத் தடவிவிட்டு மறுநாள் வரை பாருங்கள். சிவப்போ, தடிப்போ, பொரியோ வந்தால் அந்த எண்ணெய் ஒத்துவரவில்லை. குழந்தைக்கென்று ஒரு சிறு பாட்டில் தனியாக இருக்கட்டும். அன்றைக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். மீந்ததைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். காரல் வாடை வந்த எண்ணெய் கூடவே கூடாது.

8. அடுப்பில் காய்ச்ச வேண்டாம்

கரண்டியில் எண்ணெயை ஊற்றி அடுப்பில் காட்டினால் சூடு எவ்வளவு ஏறியது என்று தெரியாது. வெந்நீர் உள்ள பாத்திரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை 2 நிமிடம் வையுங்கள். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடாகவும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது.

9. எந்த நேரம்?

பால் குடித்த உடனே தேய்த்தால் கக்கிவிடும். பசியோடு இருக்கும்போது தேய்த்தால் வீறிடும். குடித்து முக்கால் மணி நேரம் ஆனபின், விழித்து அமைதியாக இருக்கும் நேரமே நல்லது. முகத்தைத் திருப்புவது, முதுகை வில்லாக வளைப்பது, முகம் சுளிப்பது எல்லாம் "போதும்" என்பதன் அடையாளங்கள். நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 5 நிமிடம், பழகியபின் 15 நிமிடம் போதும்.

10. எந்த இடம்?

கட்டிலோ நாற்காலியோ வேண்டாம். எண்ணெய் பட்ட குழந்தை கை நழுவும். தரையில் பாயும் துணியும் விரித்து, கால் நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் கிடத்திக்கொள்ளும் நம் பாட்டிமார் முறையே பாதுகாப்பு. கொல்கத்தாவில் ஷாந்தலா என்ற தாய் இப்படித் தன் குழந்தைக்குத் தேய்த்ததைப் பார்த்துத்தான், பிரெஞ்சு மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயே 1976-ல் அவள் பெயரிலேயே புத்தகம் எழுதி மேல்நாட்டாருக்கு அறிமுகம் செய்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் மாதங்களில் கதவு சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை கொதிக்கத் தொடங்குமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

11. கம்பெனிக் கையோடு தொடாதீர்கள்

கட்டிங், ஓவர்லாக், அயர்னிங் என்று எங்கே வேலை பார்த்தாலும் துணியில் பஞ்சுத் தூசும், கையில் மெஷின் ஆயிலும் ஒட்டியிருக்கும். டையிங்கில் வேலை செய்பவர் கையில் சாயமும் ரசாயனமும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியபிறகே குழந்தையைத் தொடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்.

12. விரலைச் சுற்றிய நூலைத் தேடுங்கள்

பனியன் தொழில் ஊரில் இது மிக முக்கியம். கையுறை, காலுறையின் உள்பக்கத்து நூல் பிசிறோ, அம்மாவின் உதிர்ந்த தலைமுடியோ குழந்தையின் கால் விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிச் சிவக்கும். கவனிக்காவிட்டால் விரலே போய்விடக்கூடும். ஆண் குழந்தைக்குப் பிறப்புறுப்பிலும் இப்படிச் சுற்றலாம். குழந்தை காரணமில்லாமல் விடாது அழுதால் முதலில் இவற்றைப் பாருங்கள். தினமும் தேய்க்கும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். நூலை எடுக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

13. பனியன் துணியைப் பயன்படுத்தும் முறை

எண்ணெய் துடைக்கவும் விரிக்கவும் பருத்திப் பனியன் துணியைவிட மெத்தென்ற துணி கிடைக்காது. சாயம் போடாத வெள்ளைக் கட்பீஸாக எடுங்கள். மெஷின் துடைத்த வேஸ்ட் வேண்டாம். வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஓரத்துப் பிசிறை வெட்டியபின் பயன்படுத்துங்கள். காதர்பேட்டையில் வாங்கிய புதுச் சட்டையானாலும் ஒருமுறை துவைத்தே போடுங்கள். புதுத் துணியில் ஃபினிஷிங் ரசாயனம் தங்கியிருக்கும்.

14. எவ்வளவு அழுத்தலாம்?

விரல் நுனியால் லேசாகத் தொட்டால் குழந்தைக்குக் கூச்சம்தான் வரும். முழு உள்ளங்கையும் பதிய, சப்பாத்தி மாவை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் அளவு இதமாக அழுத்துங்கள். தோல் அசைந்து கொடுக்க வேண்டும்; சிவக்கக் கூடாது. மெதுவாக நீவுங்கள். வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான், இதத்தை உணர்த்தும் தோல் நரம்புகள் நன்றாக வேலை செய்கின்றன. எலும்பு, மூட்டு, முதுகுத் தண்டின்மேல் அழுத்தம் கூடாது.

15. எந்த வரிசை?

காலில் தொடங்குங்கள்; குழந்தை எளிதில் ஒத்துக்கொள்ளும் இடம் அது. தொடையிலிருந்து பாதம் வரை நீவி, உள்ளங்காலைக் கட்டை விரலால் தடவி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுங்கள். அடுத்து தோளிலிருந்து உள்ளங்கை வரை. பிறகு நெஞ்சின் நடுவிலிருந்து இரு பக்கமும் கைகளை விரித்துக் கொண்டுபோங்கள். அதன்பின் வயிறு. குப்புறக் கிடத்தி, தண்டின் இரு பக்கமும் கழுத்திலிருந்து இடுப்பு வரை நீவுங்கள். முகத்துக்கு எண்ணெய் வேண்டாம். நெற்றியிலிருந்து கன்னம் வரை விரலால் வருடினால் போதும். தேய்க்கும்போது பேசுங்கள்: "எங்க சாமி, காலை நீட்டு கண்ணு" என்ற குரலும் குழந்தைக்கு வேண்டும்.

16. வயிற்று வாயுவுக்கு

தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் உள்ளங்கையால் வட்டமாகத் தடவுங்கள். பெருங்குடலின் போக்கும் அதே திசைதான். பிறகு இரு முழங்கால்களையும் மடக்கி வயிற்றோடு சில வினாடி சேர்த்துப் பிடித்து விடுங்கள்; சைக்கிள் மிதிப்பதுபோல் மாறி மாறி அசையுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலோ வயிறு கல்லுப்போல உப்பியிருந்தாலோ தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

17. மூக்கிலும் காதிலும் எண்ணெய் கூடவே கூடாது

மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் சளி போகும் என்பது தவறு. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த நோயைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. காது, கண், தொப்புள், பெண் குழந்தையின் பிறப்புறுப்பு எங்கும் எண்ணெய் விடாதீர்கள். உச்சிக்குழியை அழுத்தக் கூடாது. எண்ணெய் வழியும் தலையால் அது சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்பதில்லை. தானாகவே ஒன்றரை வயதை ஒட்டி மூடிவிடும்.

18. இந்த முரட்டு வைத்தியங்களை விட்டுவிடுங்கள்

மார்பு கட்டியிருக்கிறது என்று பச்சைக் குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்காதீர்கள். தாயின் ஹார்மோனால் வரும் அந்த வீக்கம் சில வாரத்தில் தானே வடியும். பிதுக்கினால் சீழ் வைக்கும். உரம் விழுந்தது என்று தலைகீழாகப் பிடிப்பது, சேலையில் போட்டு உருட்டுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை அமுக்குவது, மூக்கை இழுத்து நீவுவது, ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்கு இழுப்பது எதுவுமே வேண்டாம். தேய்த்துவிட வருகிற பாட்டியிடம் மரியாதையாக, "ஆத்தா, டாக்டரு வேண்டாம்னு சொல்லிட்டாருங்க, நீங்க கை காலை மட்டும் நீவி விடுங்க" என்று முதல் நாளே சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

19. குளியலும், நிறுத்த வேண்டிய நாட்களும்

தேய்த்து 15 நிமிடம் கழித்து, முழங்கையால் சூடு பார்த்த வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடத்துக்குள் குளிப்பாட்டி முடியுங்கள். நம் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தோலில் படிந்து உலர்த்தும். முடிந்தால் ஆற்றுத் தண்ணீரைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள்; சோப்பும் குறைவாகப் போதும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் எண்ணெய் தங்காமல் ஒற்றி எடுங்கள். சாம்பிராணிப் புகையும் பவுடரும் பிஞ்சு மூச்சுக்குழாய்க்குக் கெடுதல்.

தடுப்பூசி போட்ட இடத்தை ஊசி போட்ட அன்று தேய்க்காதீர்கள். பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரத்தில் வரும் சிறு கொப்புளத்தைத் தொடாமல் விடுங்கள். காய்ச்சல், தோல் புண், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் தேய்ப்பதே வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பாய்ந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

20. வேலைக்குத் திரும்பிய பிறகும் தொடருங்கள்

முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், தகுதியான நாட்களுக்குச் சந்தா சேர்ந்திருந்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. மூலமே பெறலாம். கம்பெனியில் இப்போதே விசாரித்து வையுங்கள். 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரத் தாய்க்கு உரிமை உண்டு.

தேய்ப்பது தாயின் வேலை மட்டுமில்லை. பிரசவத்துக்குப்பின் மனம் சோர்ந்திருந்த லண்டன் தாய்மார் சிலர் குழந்தை மசாஜ் வகுப்புக்குப் போனார்கள். சோர்வு குறைந்து, பிள்ளையோடு அவர்கள் நெருக்கமானதை 2001-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு பதிவு செய்தது. அப்பாவின் கைக்கும் பிள்ளையிடம் அதே இதத்தைக் கொண்டுசேர்க்கும் சக்தி உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வருகிற அப்பா குளித்துவிட்டுக் காலையில் தேய்க்கட்டும். டே ஷிப்ட் பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை தேய்க்கட்டும். ஓவர்டைம் உள்ள நாளில் எண்ணெய் வைக்க நேரமில்லையென்றால், பால் கொடுத்துவிட்டு முதுகை 5 நிமிடம் நீவிவிட்டுத் தூங்க வையுங்கள். மாதம் ஒருமுறை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை போட்டு அட்டையில் குறித்து வாங்குங்கள். வளர்ச்சியை அந்த அட்டை சொல்லும். எடை ஏறாமல் நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.